படம் எடுக்காதது

கல்பகம் வாய் திறந்து பேசிக் கேட்டவர்கள் தெலுங்கு தேசத்து ராமச்சந்திராபுரம் ஃபேக்டரி காலனியில் குறைவு. எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்று, சின்ன வயதிலேயே சாம்பசிவத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நிற்பாள்.

அறுபத்தெட்டில் காலனி புதிது. புதரை வெட்டிக் கட்டிய வீடுகள். மழை பிடித்தால் பாம்பு வரும். அங்கே பாம்பு இரண்டே ஜாதி. படம் எடுத்தால் நல்ல பாம்பு, விஷம். அடித்துவிட்டால் பால் ஊற்றி, மஞ்சள் வைத்துக் கொளுத்துவார்கள். படம் எடுக்காதது வெறும் புழு. குச்சியால் தூக்கிச் சாக்கடையில் எறிவார்கள்.

ஒரு ஞாயிறு விடியலில், வெந்நீர் அடுப்புக்குக் கரி எடுக்கப் போன சாம்பசிவம் கையை உதறினார். கரி மூட்டைக்கு அடியிலிருந்து பாம்பு ஒன்று நெளிந்தது. பக்கத்து வீட்டு வேணுகோபால் ஓடிவந்து கம்பியால் அடித்தார்.

"படம் எடுக்கலியே! அய்யரே, இதுக்குப் பாலும் நக்கோ, டாக்டரும் வேணாம். மாமி கையால ஒரு காப்பி போதும்" என்று சிரித்துக்கொண்டே அதைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் போட்டார்.

"ஏன்னா, டிஸ்பென்சரிக்குப் போயிட்டு வந்துடுங்கோளேன்" என்றாள் கல்பகம்.

"எதுக்குடி? வீங்கித்தா, வலிக்கறதா? புழு கடிச்சதுன்னு போய் நின்னா கம்பவுண்டர் சிரிப்பான்."

 அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பி குடித்தார், பேப்பர் படித்தார். வெயில் ஏறியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். இமைகள் பாதியில் நின்றன.

"தூக்கம் வரலை. கண்ணைத் திறக்க முடியலைடி" என்றார். நாக்கு குழறியது.

வேணுகோபாலைக் கூப்பிட்டு அவரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். சாக்கடையில் முழங்கால் வரை இறங்கிக் கையால் துழாவி, செத்த பாம்பை எடுத்துக் கரி முறத்தில் போட்டுக்கொண்டு, சேறு வழியும் புடவையோடு டிஸ்பென்சரிக்கு ஓடினாள். அந்தத் தெருவில் அவள் தனியாகப் போனது அன்றுதான் முதல்முறை.

தெலுங்குக்காரக் கம்பவுண்டர் முறத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "அய்யோ, கட்லபாமு! உங்க பாஷையில கட்டுவிரியன்மா! எப்போ கடிச்சுது?"

"விடியக்காலம். வீங்கலை, வலிக்கலைன்னார்..."

"இது கடிச்சா வீங்காதும்மா. வலிக்கவும் வலிக்காது."

ஃபேக்டரி ஜீப் அவரை ஏற்றிக்கொண்டு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு விரைந்தது. கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்த சாம்பசிவத்துக்குக் காது கேட்டது. "ஏன்னா" என்று அவள் கூப்பிடும்போதெல்லாம் அவள் விரலை அழுத்தினார். வழியில் கூகட்பல்லி வரை அழுத்தினார். அடுத்து வந்த மூசாப்பேட்டையில் கூப்பிட்டாள். அழுத்தவில்லை. வேணுகோபால் முன்சீட்டில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

அவர் போன பின், அவர் வேலை பார்த்த ஃபேக்டரியின் கேண்டீனிலேயே அவளுக்கு வேலை கிடைத்தது. வீடும் தங்கியது. அதன்பிறகு காலனியில் யார் எந்தப் பாம்பை அடித்தாலும் கம்பியில் தொங்கவிட்டு அவள் வாசலுக்குத்தான் கொண்டுவந்தார்கள். கதவைக் கொஞ்சமாகத் திறந்து, கறுப்பு உடம்பில் கட்டுவிரியனுக்குப்போல் இரட்டை இரட்டையாக வெள்ளைக் கோடு ஓடுகிறதா என்று பார்ப்பாள்.

"யாரையாவது கடிச்சுதா?" என்று கேட்பாள்.

இல்லை என்றால் உடனே கதவைச் சாத்திக்கொள்வாள்.