அணையை மூன்று தரம் சுற்றிய நாள்

கோபம் வந்தால் என்னால் உட்கார முடியாது, நடக்க வேண்டும். என் வாழ்க்கையிலேயே அதிகமாகக் கோபப்பட்டு அதிகமாக நடந்தது ஒரு மார்கழி நாளில். இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து, நீலகிரியில் நாங்கள் கண்ட முதல் குளிர்காலம் அது.

அப்பா அங்கேயே இறந்துவிட்டார். அம்மாவும் நானும் ஊட்டிக்கு மேற்கே ஓர் அணையின் கரையில், தகரக் கொட்டகையில் இருந்தோம். தோல் பதனிட அனுப்புகிற சீகை மரத்துப் பட்டையை உரிக்கிற வேலை. கொட்டகைக்குக் கதவு கிடையாது, ஒரு சாக்கு தொங்கும். இரவு முழுக்கக் காற்று அந்தச் சாக்கைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். விடிந்தால் தகரத்தின் உட்புறத்தில் உறைந்த பனி உருகி எங்கள் தலையில் சொட்டும். இன்னொரு மார்கழி இங்கே கழிந்தால் அம்மா மிஞ்சமாட்டாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அணைக்கு அந்தப்பக்கம், புல்மேட்டைத் தாண்டி ஒரு புதுத் தேயிலைத் தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று பட்டை ஏற்ற வந்த லாரி டிரைவர் சொன்னார். நிரந்தர வேலை, குடியிருக்கக் கதவு வைத்த ஒற்றை அறைக் காம்பரா. மறுநாள் சாயங்காலம் நாலு மணியோடு பதிவு முடிகிறதாம்.

“நீ போயி ரெண்டு பேரு பேரையும் குடுத்துட்டு வா புள்ள. எதுக்கு ரெண்டு பேரும் காலத் தேய்க்கணும்?” என்றாள் அம்மா. ஈரத் தரையில் படுத்துப் படுத்து அவளுக்கு வலது முட்டி வீங்கியிருந்தது. இலங்கையில் நாங்கள் வேலை செய்த தேயிலைத் தோட்டத்தில் அப்படித்தான் வழக்கம். வீட்டில் ஒருத்தர் கணக்கப்பிள்ளையிடம் போய்ச் சொன்னால் வீட்டுக்கே பேர் விழும். எனக்கும் வேறு மாதிரி யோசிக்கத் தோன்றவில்லை.

ஆறு மணிக்குக் கிளம்பினேன். புல்லெல்லாம் உப்புக் கொட்டியது போல வெள்ளையாக இருந்தது. ரப்பர் செருப்புக்குள் விரல்கள் இருக்கின்றனவா என்று அடிக்கடி குனிந்து பார்த்துக்கொண்டேன். அணைச் சுவர் மேலே நேராக நடந்தால் சீக்கிரம் அக்கரை போய்விடலாம். ஆனால் காவலாளி மறித்தார்.

“ஏனுங்க அம்மிணி, அது மேல நடக்கறதுக்கு உத்தரவு இல்லீங்க. சுத்தித்தான் போகோணும்.”

அணைத் தண்ணீர் முடிகிற வால் வரைக்கும் போய், ஓடையைக் கடந்து, மறுகரையில் ஏறினேன். அதற்கப்புறம் மரமே இல்லை. ஒரு மேடு ஏறினால் இன்னொரு மேடு, எல்லாம் காய்ந்த புல். காற்று காதுக்குள்ளேயே நின்று ஊளையிட்டது. தோட்டத்து ஆபீசைச் சேர்ந்தபோது ஒன்பது மணி.

கிளார்க் எங்கள் குடும்ப அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அம்மா எங்கீங்க?”

“வீட்டுல இருக்காங்க. கால் வலி.”

“ஆளப் பாக்காம எப்படீங்க எழுதறது? ரெண்டு ஆளு நேர்ல வந்து நின்னாத்தான் ஊடு. ஒத்த ஆளுக்கு ஊடு இல்லீங்க. நாலு மணிக்குள்ள கூட்டியாங்க.”

மனிதர் மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல், அம்மா மேல், அந்த அணையைக் கட்டியவர்கள் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வார்த்தை விசாரிக்காமல் கிளம்பி வந்த என் மேல். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினேன்.

அம்மா கொட்டகை வாசலில் உட்கார்ந்து பட்டை உரித்துக்கொண்டிருந்தாள். “என்னாடி, காம்பரா குடுத்துட்டாங்களா?”

“நீ நேர்ல வரணுமாம்.”

“என்னாத்துக்கு? என்னயப் பொண்ணு பாக்கப் போறாங்களா?”

சொல்லிவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து, கொழுந்து எடுக்கப் போகும்போது இடுப்பில் கட்டுகிற சாக்குப் படங்கை எடுத்தாள். அதில் ஓர் ஓரத்தைக் கிழித்து முட்டியில் இறுக்கிக் கட்டினாள். மிச்சத்தை இடுப்பில் சுற்றினாள். “இதெல்லாம் எதுக்கு இப்போ?” என்றேன்.

“வேலைக்குப் பேர் குடுக்கப் போறவ படங்கு இல்லாம போவாளா? நட.”

மணி பன்னிரண்டு. அணையருகில் நானே காவலாளியிடம் கெஞ்சினேன். அவர் அம்மாவின் காலைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். “பாவமாத்தானுங்க இருக்குது. ஆனா எம்பட வேல போயிருமுங்க.”

“வேல போனா என்னான்னு எங்களுக்குத் தெரியும் ஐயா. நீங்க நில்லுங்க, நாங்க சுத்திப் போறோம்,” என்றாள் அம்மா. அவர் தன் கையிலிருந்த தடியை நீட்டினார். அம்மா வாங்கிக்கொண்டாள்.

தண்ணீரைச் சுற்றி முடிக்கவே இரண்டு மணி ஆகிவிட்டது. புல்மேட்டில் மூடுபனி இறங்கத் தொடங்கியது. அம்மா ஒவ்வொரு கல்லாகக் குறி வைத்து நடந்தாள். கல்லைத் தொட்டதும், ஒரு செடி வரிசை, அதாவது ஒரு நிரை, கொழுந்து எடுத்து முடித்ததும் சொல்வது போலவே, “இந்த நெர முடிஞ்சிருச்சு” என்று முனகுவாள். மூன்றாவது மேட்டில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலமாக இருந்தது.

“முதுகுல ஏறிக்கோம்மா. தூக்கிக்கிறேன்.”

“நான் என்னா கொழுந்துக் கூடையா, எடுத்து மாட்டிக்க? கையக் குடு.”

கையைக் கொடுத்தேன். எழுந்தாள். அடுத்த கல்லை நோக்கி நடந்தோம். ஆபீஸ் கேட் கண்ணில் பட்டபோது கிளார்க் பூட்டும் கையுமாக நின்றார். நான் கத்தினேன், காற்று அதை வேறெங்கோ கொண்டுபோனது. அம்மாவுக்கு எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ, நொண்டிக்கொண்டே ஓடிப்போய்த் தடியைக் கேட் இடுக்கில் செருகினாள்.

“வந்துட்டோம் ஐயா.”

அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பதிவேட்டை விரித்தார். “பேரச் சொல்லுங்க.”

அம்மா தடியை என்னிடம் கொடுத்தாள். கால்களைச் சேர்த்து, இரண்டு கைகளையும் பக்கத்தில் தொங்கவிட்டு, விறைப்பாக நின்றாள். “நூத்தி முப்பத்தாறு.”

“வயசாங்க?” என்று சிரித்தார் அவர். “நான் கேட்டது பேரு.”

“நூத்தி முப்பத்தாறு, ஐயா.” இம்முறை இன்னும் சத்தமாக.

எனக்குப் புரிந்துவிட்டது. இலங்கைத் தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக் களத்தில் ஆள் கூப்பிடும்போது அம்மாவுக்கு அதுதான் பேர். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த நம்பருக்குத்தான் அவள் குரல் கொடுத்திருக்கிறாள். களைப்பில் வாய் தானாக அதைச் சொல்லிவிட்டது. எனக்கு வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அவள் பேரைச் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா கையால் என்னை அடக்கினாள்.

“இரு புள்ள. நேர்ல வரணும்னுதானே சொன்னாரு. நானே சொல்லுறேன்.”

சொன்னாள். முதலில் அவள் அப்பா பேர், பிறகு அவள் பேர், நிறுத்தி நிறுத்தி. அவள் தன் பேரைத் தானே சொல்லி அன்றுதான் நான் கேட்டேன். கிளார்க் எழுதினார். பக்கத்துக் கட்டத்தில் பேனாவை வைத்து, “உங்க நம்பரு இனிமே…” என்று ஆரம்பித்தார்.

“நம்பர நீங்க எழுதிக்கங்க ஐயா,” என்றாள் அம்மா. “காலையில பேரச் சொல்லிக் கூப்புடுங்க. வருவேன்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, காம்பராச் சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.