தவிட்டுக் கொட்டான்

என் மகன் வீட்டு அடுப்படிச் சுவரில் ஒரு கொட்டான், சின்ன ஓலைப் பெட்டி, தொங்குகிறது. புகையில் கறுத்துப்போய், விளிம்பு இற்று, நான் துணி வைத்துத் தைத்துத் தைத்து அதில் ஓலை பாதி, துணி பாதி என்று ஆகிவிட்டது. மருமகள் இரண்டு தடவை அதைக் குப்பையில் போட்டாள். இரண்டு தடவையும் எடுத்து வந்து மாட்டினேன். ஏன் அத்தை என்று கேட்டதற்கு, சும்மா இருக்கட்டும் என்றேன். நாலு பேர் முன்னால் ஒன்றைச் சொல்வதற்குச் சின்ன வயசிலிருந்தே எனக்கு நாக்கு எழும்பாது. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அதை முடைந்தவள் என் மதினி, அண்ணனின் பெண்டாட்டி. அது இரண்டாவது உலகச் சண்டைக் காலம். தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற வழியில் எங்கள் வீடு. அண்ணன் கொழும்புத் தோணியில் போனால் திரும்ப மாதக்கணக்காகும். வீட்டில் அம்மா, மதினி, பத்து வயசில் நான். மதினி ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் வயல்காட்டுப் பெண். வந்து இரண்டு வருஷமாகியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அம்மா அதை வாய் விட்டுச் சொல்ல மாட்டாள். தெருவில் யாராவது பிள்ளைக்குத் தொட்டில் கட்டினால் அன்று முழுக்க மதினியிடம் பேச மாட்டாள், அவ்வளவுதான்.

எங்களிடம் நாலு பெட்டைக் கோழிகளும் ஒரு சேவலும் இருந்தன. பக்கத்து வீட்டில் காயப்போட்ட கருவாட்டை அவை கொத்திவிட, அந்த வீட்டு அம்மாள் வாசலில் வந்து நின்று, “ஒங்க கோழி திங்கதுக்கா நாங்க மீனு காயப் போடுதோம்?” என்று கத்தினாள். அன்றைக்கே அம்மா கொல்லையில் பனைமட்டையால் தட்டி கட்டி கோழிகளை அடைத்துவிட்டாள். புழுவும் கிடையாது, பூச்சியும் கிடையாது, மீன் செதிலும் கிடையாது. ரேஷனில் வந்த மில் அரிசியின் குருணைதான். உப்பளத்து உப்பு மாதிரி அப்படி ஒரு வெள்ளை. மதினி அதைக் கையில் அள்ளிப் பார்த்து, “இது அரிசியா, அரிசியோட எலும்பா? எங்கூர்ல தவிடு திங்காத கோழிய நான் கண்டதே இல்ல” என்று சொன்னாள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பெற்ற கைதான் கோழியை அடை வைக்க வேண்டும். அதுவரை அம்மாதான் வைப்பாள். அந்தத் தடவை மதினி, “நான் வைக்கட்டா அத்த?” என்று கேட்டுவிட்டாள். அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். “வையி. ஒங் கை ராசியும் தெரியட்டும்” என்றாள். அது முட்டையைப் பற்றிய பேச்சில்லை என்பது எனக்கே புரிந்தது. மதினி பதினோரு முட்டைகளை ஒவ்வொன்றாக வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்து எடுத்தாள். ஓலைப்பெட்டியில் கடல் மணலைப் பரப்பி முட்டைகளை அடுக்கினாள். இடி இடித்தால் முட்டை கூழாகிவிடும் என்று ஒரு கரித்துண்டும் துருப்பிடித்த ஆணியும் ஓரத்தில் வைத்தாள். பிறகுதான் கோழியைத் தூக்கி உட்கார வைத்தாள். அன்று சாயங்காலமே இந்தக் கொட்டானை முடைந்து என் கையில் தந்தாள். மூன்றாம் தெருவில் கூலிக்கு நெல் குத்துகிற வீட்டில் வாரம் இரண்டு தடவை தவிடு வாங்கி வர வேண்டும். இதுதான் என் வேலை. “மறந்துராதளா. குஞ்சு பொரிச்சாலும் இதுதான் அதுக்குப் பாலு” என்றாள்.

முதல் நாள் போனேன். நாலைந்து பெண்கள் உலக்கை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வாசற்படியில் கொட்டானைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் வரவில்லை.

“யாருளா அது? என்ன வேணும்?”

நான் கொட்டானை நீட்டினேன்.

“கொட்டான் பேசுமா? நீ பேசு.”

“அவ எப்பிடிப் பேசுவா? முத்துக் குளிக்கப் போனவன் மாதிரில்லா மூச்ச அடக்கிட்டு நிக்கா” என்றாள் இன்னொருத்தி. உலக்கையை விட்டுவிட்டு எல்லாரும் சிரித்தார்கள். “வாயத் தொறந்து ‘தவிடு வேணும்’னு சொல்லு, கொட்டான் நெறயத் தாரேன். சொல்லாட்டி ஒரு பொடி கெடயாது.”

அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இன்னும் இரண்டு நிமிஷம் நின்றிருந்தால் அள்ளிக் கொடுத்திருப்பார்கள். நான் ஓடி வந்துவிட்டேன். வீட்டில் “தவிடு இல்லையாம்” என்றேன். அதற்குப் பிறகு அந்தத் தெருவுக்கே போகவில்லை. மதினி அனுப்பும் போதெல்லாம் கடற்கரையில் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்துவிட்டு, வெறும் கொட்டானோடு திரும்பினேன். “இன்னைக்கும் இல்லையா?” என்பாள். தலையை ஆட்டுவேன். பொய் சொல்ல மட்டும் எனக்கு வாய் தேவைப்படவில்லை.

பதினொன்றில் ஒன்பது பொரிந்தன. அம்மாவே பக்கத்து வீட்டு அம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினாள். மூன்று நாள் மதினிக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. நாலாம் நாள் காலையில் ஒரு குஞ்சு கழுத்தை முதுகுப் பக்கம் மடித்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. இரை தூவினால் கொத்தப் பார்க்கும். கொத்துவதற்குப் பதிலாகப் பின்னாலேயே நடந்து போய்க் கவிழ்ந்து விழும். மறுநாள் மூன்று, அதற்கு மறுநாள் ஆறு. மதினி ஒவ்வொன்றாக மடியில் வைத்து, இரண்டு விரலால் தலையை நேராகப் பிடித்து, குருணையை மென்று அலகில் ஊட்டினாள். விரலை எடுத்ததும் தலை மறுபடி பின்னால் போய்விடும். ஒரு குஞ்சு அவள் உள்ளங்கையில் அப்படியே மேலே பார்த்தபடி கண்ணை மூடியதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

அம்மா தட்டிக்கு வெளியே நின்றாள். “இத்தன வருசத்துல இப்பிடி ஒரு கூத்த நான் பாத்ததில்ல. கையி அப்பிடி. எதத் தொட்டாலும் நிக்காது” என்றாள். மதினி அடுத்த குஞ்சை மடியில் எடுத்து வைத்தாள். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். அம்மா அடித்திருப்பாள், அவ்வளவுதானே? நான் மதினியின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டேன்.

அண்ணன் வந்ததும் அம்மா குஞ்சுக் கதையிலிருந்துதான் பேச்சைத் தொடங்கினாள். மதினி ஒரு மாசம் தாய் வீட்டில் இருந்துவிட்டு வரட்டும் என்று முடிவாயிற்று. அண்ணன் எதிர்த்துப் பேசவில்லை. எங்கள் வீட்டில் வாய் இல்லாதது எனக்கு மட்டுமில்லை. புறப்படுகிற அன்று மதினி அடுப்படிக்கு வந்து கொட்டானை எடுத்தாள். அதைக் கவிழ்த்து, உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினாள். கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கொட்டானை என் கையில் கொடுத்து, “கோழியப் பாத்துக்கோ புள்ள” என்று சொல்லிவிட்டுப் போய், பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸில் ஏறினாள். ஒரு மாசம் ஒரு வருஷமாயிற்று. அண்ணனுக்கு வேறு பெண் பார்த்தார்கள். மதினி கடைசிவரை தம்பி வீட்டில் வாழாவெட்டியாக இருந்து காலமானாள் என்று எனக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்து யாரோ சொல்லிக் கேட்டேன்.

போன மாதம் மருமகள் வளர்க்கிற கோழியின் குஞ்சு ஒன்று அதே மாதிரி வானத்தைப் பார்த்து நின்றது. மருமகள் அதைத் துணியில் பொதிந்து கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ச் சொட்டு மருந்தோடு வந்தாள். “வைட்டமின் பத்தலையாம் அத்தை. தாய்க்கோழிக்கும் சத்தில்லயாம். வெள்ள அரிசியே போட்டா இப்பிடித்தான் கழுத்து திரும்புமாம். டாக்டர் தவிடு போடச் சொல்லுதாரு.” மூன்றாம் நாள் அந்தக் குஞ்சின் கழுத்து நேரே நின்றது. தரையைக் கொத்தியது. நான் அடுப்படிக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மதினி அன்று எதற்காகக் கொட்டானைத் தட்டினாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நெல் குத்துகிற வீட்டில் எந்நேரமும் தவிட்டுத் தூசி பறக்கும்; வாரம் இரண்டு தடவை அங்கே போய் வந்த கொட்டான் என்றால், வெறுமனே திரும்பினாலும் ஓலை இடுக்கில் தூசி நிற்கும். அவள் முடைந்த அன்றைக்கு இருந்ததுபோல் அது சுத்தமாக இருந்தது. நான் அங்கே போகாமலே பொய் சொல்லி வந்தேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறினாள். தவிடு வாங்கி வந்திருந்தால் மட்டும் அம்மா அவளை வாழ விட்டிருப்பாளா, தெரியாது. வேறு காரணம் கிடைத்திருக்கலாம். ஆனால் இந்தக் காரணத்தை எடுத்துக் கொடுத்தது நான்.

மறுநாள் கொட்டானை எடுத்துக்கொண்டு நானே ரைஸ் மில்லுக்குப் போனேன். மூட்டை தூக்குகிற ஆட்கள் நின்றார்கள். மிஷின் சத்தத்தில் யாருக்கும் காது கேட்காது. “தவிடு வேணும்” என்றேன். முதலாளி, “என்ன ஆச்சி?” என்றார். இன்னும் உரக்கச் சொன்னேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. கொட்டான் நிறைய அள்ளிப் போட்டார். வீட்டுக்கு வந்து கோழிக்குக் கொட்டிவிட்டு, கொட்டானைக் கவிழ்த்து உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினேன். பழுப்பாகக் கொஞ்சம் தூசி விழுந்தது. அதைக் காட்டுவதற்கு ஆள் இல்லை.