கடைசியாகத் திருத்தியவர்

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைக்கு எதிரே இருக்கும் எங்கள் அலுவலகம், ஒரு வங்கியின் மெயின்பிரேம் என்னும் பெருங்கணினியில் ஓடும் நிரல்களைப் பராமரிக்கிறது. அன்று காலை வட்டிக் கணக்கு தப்பாக வந்தது. நிரல் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்று பார்த்தேன். நேற்றைய தேதி, புதிதாகச் சேர்ந்த செல்வியின் பெயர்.

“தப்பு செஞ்சவங்க பேர அனுப்புங்க, இன்னையோட வூட்டுக்கு அனுப்பிடலாம்,” என்றார் மேலாளர் போனில்.

தேதியை நான் சந்தேகித்ததே இல்லை. பெயரைத் தட்டச்சு செய்துவிட்டேன். அனுப்புவதற்குள், பக்கத்தில் வந்த செல்வி திரையில் தன் பெயரைப் பார்த்துவிட்டாள்.

“அண்ணே, தொறந்து பாத்துட்டு சேவ் குடுத்து மூடுனேன். ஒரு எழுத்து மாத்தலைங்க,” என்றாள்.

பழைய பிரதியோடு ஒப்பிட்டேன். ஒரு புள்ளிகூட மாறவில்லை. சும்மா சேமித்ததற்கே தேதி மாறியிருந்தது. பிழை, அந்த நிரல் படிக்கும் வட்டிவிகிதக் கோப்பில் இருந்தது. அதை யாரோ வேறிடத்திலிருந்து நகலெடுத்துப் போட்டிருந்ததால் தேதியுமில்லை, பெயருமில்லை.

மேலாளர் மறுபடி அழைத்தார். “பேரு கிடைச்சுதா?”

“இல்லீங்க. தப்புதான் கிடைச்சுது.”

இன்றும் தேதி போடாமல் நான் எதையும் எழுதுவதில்லை. ஆனால் தேதிக்குப் பக்கத்தில் ஒரு பெயரைக் கண்டால், முதலில் அந்த ஆளைக் கூப்பிட்டுக் கேட்கிறேன்.