பரிசீலனையில் இருக்கிறது

காரைக்குடியில் எங்கள் வீட்டு டிவியில் மாலைச் செய்தியை அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு பார்ப்பார். அடுத்து அரசியல் நையாண்டி நிகழ்ச்சி. அதில் அரசியல்வாதி வேடம் போட்ட ஒரு நடிகர், என்ன கேட்டாலும் துண்டைத் தோள் மாற்றிப் போட்டுவிட்டு, "பரிசீலனையில இருக்கு" என்பார். சற்று முன் செய்தியைத் திட்டித் தீர்த்த அப்பாவே விழுந்து விழுந்து சிரிப்பார். ஒரே சங்கதிக்குக் கோபமும் சிரிப்பும் எப்படி வருகிறது என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

எங்களோடு இருந்த அத்தை இரண்டையும் பார்ப்பதில்லை. தெருக்குழாய் வறண்டு மாதக்கணக்கில் ஆகியிருந்தது. அடுத்த தெரு அடிபம்பில் அடித்துச் சுமந்து வருகிறவருக்கு டிவி பார்க்க நேரம் ஏது?

தேர்தல் வந்தது. ஓட்டுக் கேட்டு வேட்பாளர் எங்கள் தெருவுக்குள் நுழைந்தார். மற்ற பெண்கள் ஆரத்தித் தட்டோடு நிற்க, அத்தை காலிக்குடத்தோடு போய் ஜீப்புக்கு எதிரே நின்றார். ஓட்டுக்கு வருகிறவருக்கு இதைவிடக் கெட்ட சகுனம் உண்டா? ஜீப் நின்றுவிட்டது. எனக்குப் பயமாக இருந்தது.

"குழாயில காத்துத்தான் வருது. தண்ணி எப்ப விடுவீக?" என்றார் அத்தை.

வேட்பாளர் துண்டைத் தோள் மாற்றிப் போட்டார். "பரிசீலனையில இருக்குத்தா" என்றார்.

தெருவே சிரித்தது. டிவியில் பார்த்தது நேரில் நடந்த சந்தோஷத்தில் நான் குதித்தேன். அப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாங்கள் ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமல் வேட்பாளரும் சிரித்து, கும்பிட்டு, ஜீப்பைக் கிளப்பிப் போய்விட்டார். அத்தை கேட்டது அந்தச் சிரிப்போடு போயிற்று.

மாலையில் உள்ளூர் கேபிள் செய்தியில் எங்கள் தெரு வந்தது. வேட்பாளருக்கு மக்கள் உற்சாக வரவேற்பு என்றார்கள். நானும் அப்பாவும் பல்லெல்லாம் தெரிய அதில் இருந்தோம். அன்று அத்தையும் வந்து பார்த்தார்.

"குடத்தைக் காட்டலையே" என்றார்.

பாவம், தன் முகம் வராத வருத்தம் என்று நினைத்தேன். "அடுத்த தடவை சிரிச்சுக்கிட்டு நில்லுங்கத்தை, நீங்களும் வருவீக" என்று ஆறுதல் சொன்னேன். அத்தை குடத்தை எடுத்துக்கொண்டு அடிபம்புக்குப் போனார். அவ்வளவு நல்ல யோசனை சொல்லியும் ஏன் எழுந்து போகிறார் என்றுதான் எனக்குப் புரியவில்லை.