ஆசைக்கு ஒரு மாத்திரை

இப்போதெல்லாம் பத்திரிகைகளின் ஞாயிறு இணைப்பில் டோபமைனைப் பற்றி எழுதுகிறார்கள். காலை வெயிலில் நடங்கள், வேளைக்குத் தூங்குங்கள், பருப்பும் வாழைப்பழமும் சாப்பிடுங்கள், மூளையில் மகிழ்ச்சி ஊறும் என்கிறார்கள். பக்கத்திலேயே சிரித்துக்கொண்டு ஓடும் ஒரு பெண்ணின் படம். நான் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் மடித்து வைத்துவிடுவேன். அந்தச் சொல் எங்கள் வீட்டுக்குள் வந்து பல வருடம் எங்களோடு குடியிருந்தது. மகிழ்ச்சி என்ற பெயரில் எனக்கு அது அறிமுகமாகவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. மலையாள ஊரான கரமனையில், ஆற்றுக்குப் போகும் தெரு ஒன்றில் இருந்தோம். என் கணவர் அரசு அலுவலகத்தில் கணக்குப் பார்த்தார். நான் கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் இந்தி டீச்சர். குழந்தைகள் இல்லை. அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

முதலில் கையெழுத்து சிறுத்தது. வரியின் தொடக்கத்தில் சரியாக இருக்கும் எழுத்து, முடிவில் எறும்பு வரிசை போல ஆகிவிடும். பிறகு நடக்கும்போது இடது கை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் முகம் போனது. கண், மூக்கு எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தன. அவற்றில் எதுவும் நடக்கவில்லை. கல்யாண வீடுகளில் அவருக்குக் கர்வம் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். என் மேல் ஏதோ கோபம் என்று நான் நினைத்தேன். என்ன கோபம் என்று கேட்டுக் கேட்டு அழுதிருக்கிறேன். "ஒண்ணுமில்லை" என்பார், அதே முகத்தோடு.

அவருடைய அண்ணா வலியசாலையில் இருந்தார். ஓய்வு பெற்றவர், யோகாசனம் செய்பவர். அவருக்கு எல்லாவற்றுக்கும் பழக்கவழக்கம்தான் காரணம், பழக்கவழக்கம்தான் மருந்து.

"சோம்பல்தான் இது. வேறொண்ணும் இல்லை," என்று என்னிடம் சொன்னார். "கார்த்தால அஞ்சு மணிக்கு எழுப்பி விடு. பச்சைத் தண்ணில குளிக்கச் சொல்லு. காப்பியை நிறுத்து. நீ அவனுக்கு இடம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்காய்."

எழுப்பினேன். குளிக்கச் சொன்னேன். காப்பியை நிறுத்தினேன். அவர் ஈரத்துண்டோடு கிணற்றடியில் நின்றபடி, சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில், அண்ணாவின் வைத்தியத்தை விட்டுவிட்டு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

சாயங்காலங்களில் தன் வீட்டிலேயே நோயாளிகளைப் பார்க்கும் பெண் டாக்டர். மலையாளி, அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். என் கணவரை அறைக்குள் நடக்கவிட்டு, விரலைத் தட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "டீச்சரே, இது பார்க்கின்சன்," என்றார். மூளையில் டோபமைன் என்று ஒன்று சுரக்கிறது, அதைச் சுரக்கும் இடம் அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டிருக்கிறது என்று விளக்கினார்.

"சந்தோஷம் தர்றதா அது?" என்று கேட்டேன். எங்கோ அப்படிப் படித்த ஞாபகம்.

"அப்படிச் சொல்ல மாட்டேன். மேஜையில் ஒரு மாம்பழம் இருக்கிறது. அதைத் தின்னும்போது வரும் ருசி வேறு. அதைப் பார்த்ததும் கை நீளுகிறதே, அதற்கு இது வேண்டும். கை அசையவும் வேண்டும், அந்த ஆசை வரவும் வேண்டும்."

வெயில், நடை, தூக்கம் எல்லாம் நல்லதுதானா என்றும் கேட்டேன். "நிச்சயமாக. உடம்பை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் போனதை அவை திருப்பித் தராது. தருவதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்," என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு ஏற்பட்டது நிம்மதி. சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை. அவருக்கு என் மேல் கோபம் இல்லை என்று தெரிந்துவிட்டதே.

இரண்டு விதமான மாத்திரைகள். சில வாரங்களில் அவர் எழுந்து நின்றார். பொத்தான் போட்டார், பேருந்தில் தனியாக ஏறினார். ஒரு வெள்ளிக்கிழமை பழவங்காடி கணபதிக்குத் தானே தேங்காய் உடைத்துவிட்டு வந்து, "ஒரே வீச்சில சிதறித்து, கேட்டயா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒரு வருடம் போல அப்படிப் போனது. உடம்பு மறுபடி இறுகத் தொடங்கியதும் டாக்டர் அளவைக் கூட்டினார். அதற்குப் பின்தான் என் கணவர் டிரான்சிஸ்டர் ரேடியோவைக் கழற்றினார்.

ரிப்பேர் செய்யத்தான் என்று நினைத்தேன். அவருக்கு அந்த வேலை தெரியாது. பியூஸ் போடவே பக்கத்து வீட்டைக் கூப்பிடுகிறவர். கழற்றினார், திருகாணிகளை அளவு வாரியாகத் தினத்தாளின் மேல் அடுக்கினார், கலைத்தார், நிறத்தை வைத்து மறுபடி அடுக்கினார். அடுத்தது சுவர்க்கடிகாரம், அயர்ன்பாக்ஸ், மிக்ஸி. எதையும் திரும்பப் பூட்டவில்லை. அலுவலகத்துக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தார். நான் பள்ளிக்குப் போகும்போது எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாரோ, திரும்பி வரும்போதும் அதே இடம். வைத்துவிட்டுப் போன சோறு மூடியபடியே இருக்கும்.

"சாப்பிட்டேளா?"

"இதோ, ஆச்சு. இது மாத்திரம்."

கண் அப்படி மின்னும். இருபத்துச் சொச்ச வருட வாழ்க்கையில் என்னையோ வேறு எதையுமோ அவர் அப்படிப் பார்த்ததில்லை. அடுத்த மாத்திரைக்கு நேரமாகும் முன்பே "மணியாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

அண்ணாவுக்குப் பரம சந்தோஷம். "பாத்தயா? நான் அப்பவே சொன்னேன். மனசுக்குப் பிடிச்ச ஒரு பழக்கம் வேணும். இப்ப எப்படி உற்சாகமா இருக்கான் பாரு!" வீட்டிலிருந்த பழைய டைம்பீஸ் ஒன்றைத் தம்பிக்கு அவரே கொண்டுவந்து கொடுத்தார். தெருவில் என்னைப் பார்த்தவர்களும், "சாருக்கு இப்ப நல்ல சுகமாச்சு, இல்லையா டீச்சரே?" என்றார்கள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? நோயில் கிடந்த மனுஷன் சந்தோஷமாக இருக்கிறார், எனக்கு அது பிடிக்கவில்லை என்றா?

அந்த மழைக்காலத்தில் எனக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. மூட்டெல்லாம் வீங்கி, பாயிலிருந்து எழ முடியவில்லை. அவர் அதே அறையில், ஜன்னலோரம், மேஜை விசிறியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏன்னா, கொஞ்சம் தண்ணி குடுங்கோளேன்."

"இதோ."

சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டேன். மறுபடியும் அதே "இதோ". குரலில் எரிச்சல்கூட இல்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது. சுவரைப் பிடித்து எழுந்தேன். நாலடி வைப்பதற்குள் கண் இருட்டி, அவருடைய திருகாணிகளின் மேலேயே விழுந்தேன். முழங்கையில் ரத்தம் வந்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பதறித்தான் போனார். ஆனால் பதற்றம் எனக்காக இல்லை. "ஐயோ, அந்தச் சின்னத் திருகாணி எங்க போச்சு? கொஞ்சம் நகரு," என்றார்.

நகர்ந்தேன். அவர் தேடி எடுத்துக்கொண்டார்.

காய்ச்சல் விட்டதும் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. டாக்டர் பேனாவை மூடினார். "இது பொழுதுபோக்கு இல்லை டீச்சரே. மருந்து செய்கிற வேலை. சிலருக்கு இப்படி ஆகும். கை நீளுகிறது, ஆனால் எடுத்ததை வைக்கத் தெரிவதில்லை." ஒரு மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தி, மற்றதைக் குறைத்து எழுதினார். "உடம்பு கொஞ்சம் இறுகும். அதைச் சமாளிக்க வேண்டும்."

ஆட்டோவில் ஏறிய பிறகு என் கணவர், "உன்கிட்ட நான் என்ன கேட்டேன்? சும்மாதானே இருந்தேன்," என்றார்.

கழற்றுவது நின்றது. ஸ்குரூடிரைவரைக் கையில் கொடுத்தாலும் இது எதற்கு என்பது போலப் பார்த்தார். முகம் பழையபடி மூடிக்கொண்டது. அண்ணா வந்து பார்த்துவிட்டு, "நன்னா இருந்தவனை டாக்டர்கிட்டப் போட்டுக்குடுத்து இப்படி ஆக்கிட்டாயே," என்றார். என் முழங்கைத் தழும்பைக் காட்டவில்லை. காட்டினால் பச்சைத் தண்ணியில் குளிக்கச் சொல்லியிருப்பார்.

பிறகு எங்கள் வாழ்க்கை முழுவதும் பழக்கவழக்கமாகவே ஆகிவிட்டது. மாத்திரை வெறும் வயிற்றில். பருப்பும் தயிரும் அதன் வேகத்தைக் குறைக்கும் என்பதால் பகலில் ரசஞ்சாதம், ராத்திரிதான் பருப்பு. காலையில் முற்றத்து வெயிலில் நாற்காலி. நிலைப்படி வந்தால் அவர் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். டாக்டர் சொன்னபடி ரேழியில் சாக்பீஸால் குறுக்கே கோடுகள் போட்டேன். வெறுந்தரையில் நகராத கால், கோட்டைக் கண்டால் தாண்டிவிடும். தினமும் துடைத்துத் தினமும் போட்டேன். இவற்றால் பலன் இல்லாமலில்லை. விழாமல் நடந்தார். தூங்கினார். கடைசி வரை தன் கையால் சாப்பிட்டார். அண்ணா மட்டும் இதையெல்லாம் தன்னுடைய வைத்தியம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன் பின் நாலைந்து வருடம் இருந்தார். அந்த வருடங்களில் ஒரு காலை. ஆற்றங்கரைப் பாதையில் அவர் கையைப் பிடித்து நடத்திக்கொண்டிருந்தேன். நடுவில் கால் ஒட்டிக்கொண்டுவிட, நின்றோம். அவசரப்படுத்தக் கூடாது, காத்திருக்க வேண்டும். அப்போது அவராகவே பேசினார். குரல் தேய்ந்திருந்தது, காதைக் கொண்டுபோய்க் கேட்டேன்.

"அந்த ரேடியோ, விசிறி எல்லாம் பிரிச்சிண்டிருந்தேனே, அப்ப நேக்கு உன்னை ஓர்மையே இல்லை."

"தெரியும்," என்றேன்.

"அது போல சுகமா நான் இருந்ததே இல்லை."

மன்னிப்புக் கேட்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் எதையும் படிக்க முடியாது. ஆனால் அவர் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

பின்னால் பால்காரரின் சைக்கிள் மணியடித்தது. வழிவிட வேண்டும். என் பாதத்தை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்காக வைத்து, "இதைத் தாண்டுங்கோ," என்றேன். தாண்டினார்.