கவுண்டருக்குக் கீழே

பதுளை பஜாரில் புடவைக் கடை வைத்திருக்கும் றவூப் நானா வாயால் பிழைக்கிறவர். சும்மா சொல்லக் கூடாது, திரைச்சீலை கேட்டு வந்த ஆளிடம் கட்டில் விரிப்பையும் சேர்த்துக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற வாய். அப்பேர்ப்பட்ட மனிசனுக்கு ஒரே மகள் ஸைனப். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது.

வீட்டில் உம்மாவும் மகளும் சைகையிலேயே கதைப்பார்கள், சண்டையும் பிடிப்பார்கள். அவள் கடையில் நிற்கும்போதுதான் சட்டம். யாராவது படியேறினால் நானா இரண்டு விரலைக் கவுண்டரில் வைத்து அழுத்துவார். கையைக் கீழே போடு என்று அர்த்தம். மகள் சைகை காட்டுவதைச் சனம் கண்டால் நாளைக்கு எந்த மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வருவார்கள் என்ற பயம் அவருக்கு. அவள் சிரித்தபடி எதையோ சொல்ல வந்து, பாதியில் கையை இறக்கிய நாட்கள் எத்தனையோ. பெற்ற பிள்ளையின் மொழியில் இருபது வருசமாக அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு சொல்தான். அந்த வாய் இருந்து என்ன பிரயோசனம்?

போன வருசம் ஸைனப் டவுனிலுள்ள கல்லூரியில் தையல் படிக்கச் சேர்ந்தாள். அவளைப் போலவே காது கேட்காத பிள்ளைகள் அங்கே ஆறு பேர். வகுப்பில் முதலாவதாகவும் வந்துவிட்டாள். அந்தச் சந்தோசம் அடங்குவதற்குள் அங்கே படிப்பிக்கிற றுஸைனா டீச்சர் நானாவுக்குப் போன் எடுத்தார். பரிசளிப்பு விழாவில் சைகையில் நன்றியுரை சொல்லக் கேட்டால் பிள்ளை மாட்டேன் என்கிறாளாம், வாப்பா வந்து தைரியம் சொன்னால் மேடையேறுவாளாம்.

"தன்ட கை அசிங்கமாம், நாலு பேருக்கு முன்னால காட்டுற கை இல்லையாம்," என்றார் டீச்சர். "யார் சொல்லிக் குடுத்தாங்களோ தெரியல்ல."

யார் என்று நானாவுக்குத் தெரியும். போனை வைத்துவிட்டு, கவுண்டரில் வைத்து அழுத்துகிற அந்த இரண்டு விரலையும் பார்த்தார்.

விழா நாளன்று மண்டபத்து வாசலில் மகளைக் கண்டார். காது கேட்காத வகுப்புத் தோழியான பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துக் கம்சலாவோடு நின்று, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தபடி கையால் கதைத்துக்கொண்டிருந்தாள். யா அல்லாஹ், இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு கதை இருந்ததா! அவரைக் கண்டதும் ஸைனபின் இரண்டு கையும் அபாயா அங்கியின் நீண்ட சட்டைக் கைகளுக்குள் போய்விட்டன.

அவர் அழைப்பிதழின் பின்பக்கத்தில், "மன்னித்துக்கொள் மகள் என்று எப்படிச் சொல்வது?" என்று எழுதிக் கம்சலாவிடம் நீட்டினார். அவள் இரண்டு தரம் காட்டினாள்.

நானா மகளுக்கு முன்னால் போய் நின்று, அத்தனை சனம் பார்க்கக் கையைத் தூக்கினார். விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. கண் கலங்க, தப்பும் தவறுமாக மூன்று தரம் செய்தார். கடைக்கு வழக்கமாக வருகிற இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்து, வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஸைனப் அந்தப் பெண்களைப் பார்த்தாள். வாப்பாவைப் பார்த்தாள். அபாயாவுக்குள் இருந்து ஒரு கை வெளியே வந்தது. பதில் சொல்லப் போகிறாள் என்று நானா பார்த்துக்கொண்டே நின்றார்.

அவள் இரண்டு விரலை அவருடைய மணிக்கட்டில் வைத்து, மெதுவாகக் கீழே அழுத்தினாள்.

நன்றியுரை சொல்லக் கம்சலாதான் மேடையேறினாள்.