ஏழாவது ஓடு

சோதனை அறைக்குள் நுழையுமுன் கடிகாரம், மோதிரம், சாவிக்கொத்து, பெல்ட் எல்லாவற்றையும் தட்டில் வைக்கிறார். கடைசியாகக் காதில் செருகிய பென்சில். "உள்ள வெறும் ஆளாத்தான் போகணும். மிச்சம் எதுவும் அலைக்கு ஆகாது."

அவர் லென்ஸ் அடுக்குபவர். விமானத்தின் மூக்கிலும் விண்கலத்தின் முதுகிலும் உட்கார்ந்து நுண்ணலையைக் குவித்து அனுப்பும் ஆன்டெனாவுக்கான பிளாஸ்டிக் உருண்டை அது. வெங்காயம்போல ஓட்டுக்குள் ஓடு, மொத்தம் ஒன்பது. பொருத்தம் பார்க்க ஒவ்வொரு ஓட்டிலும் பென்சிலால் கோடு போடுவார், ஒட்டுமுன் அழித்துவிடுவார். பென்சில் கரி மின்சாரம் கடத்தும். அலை அதில் இடறும். ஒட்டிய உருண்டையை மறுபடி பிரிக்க முடியாது.

வீட்டில் கழுவிய தட்டையும் விளக்கில் காட்டித் திருப்பிப் பார்ப்பார். "தட்டுலயும் கோடு தேடறீங்களா?" என்பாள் மனைவி.

ஆறு வருடத்துக்கு முன், விண்கலத்துக்குப் போன லென்ஸில் ஏழாவது ஓட்டின் கோட்டை அழிக்க மறந்தார். சோதனையில் அளவெடுத்த பெண் கண்டுபிடித்துவிட்டாள். "அலை வரைபடத்துல பக்கவாட்டுல ஒரு முள்ளு நிக்குது சார்."

"உள்ள ஏதாவது இருக்கா?" என்று மேலதிகாரி இவரைக் கேட்டார். கேட்டபோதே கோடு நினைவுக்கு வந்துவிட்டது. கலம் கிளம்ப ஒன்பது நாள்தான் இருந்தது.

"சுத்தமா இருக்கு சார்."

அளக்கத் தெரியாதவள் என்று அவளை ஸ்டோருக்கு மாற்றினார்கள். கலம் மேலே போன பிறகும் வரைபடத்தில் அந்த முள் அங்கேயே நின்றது. வெயில் சூட்டில் லென்ஸ் நெளிந்திருக்கும் என்று பழியை வெயிலின் மேல் போட்டார்கள். அவளை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமைதோறும் ஸ்டோருக்குப் போகிறார், உண்மையைச் சொல்லிவிட. கவுன்ட்டர் முன் நின்றதும் வாய் வேறெதையோ கேட்கிறது. "ஒரு ரப்பர் குடும்மா."

"போன வாரம் வாங்கினதைத் தின்னுட்டீங்களாண்ணே?"

அவருடைய மேசை டிராயரில் உறை பிரிக்காத ரப்பர்கள்.

இந்தத் திங்கள் ரப்பரை எடுத்து வைத்தவள், "அடுத்த வாரம் வேற ஆளுகிட்டதான் கேக்கணும்ண்ணே. எனக்கு இன்னிக்குக் கடைசி நாள்" என்றாள்.

"எங்க போறே?"

"பள்ளிக்கூடத்துல கணக்கு சொல்லிக் குடுக்க. அளக்கத் தெரியாதவளுக்கு வேற யாரு வேலை தருவா?" சிரித்தாள்.

"அன்னிக்கு அந்த லென்ஸ்ல..." என்று ஆரம்பித்தார்.

"சொல்லுங்கண்ணே."

புது ரப்பரின் உறையைப் பிரித்தார். குனிந்து, ஒரு கோடும் இல்லாத கவுன்ட்டர் பலகையை அழுத்தி அழுத்தித் தேய்க்கத் தொடங்கினார்.